தாயை அறியும் முன்னே

திரும்பிப் பார்க்காமல் போங்கண்ணே என்று காசிமாயன் சொல்லியிருந்தான், நான் கொஞ்ச தூரம் வருவதற்குள் திரும்பிப் பார்த்துவிட்டேன். செம்மண் பாதையில் தாய்நாய் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. குரைக்கவில்லை. உறுமிக்கொண்டு மேலே பாய்ந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், நானும் நன்றாக வைதுவிட்டு வந்திருப்பேன். அது சும்மா வந்தது. நான் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது, பால் நிறைந்த மடி இரண்டு பக்கமும் ஆட ஆட வந்தது. காசிமாயன் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அதன் முன்னால் எறிந்தான், உட்கார்ந்துவிட்டது. இப்போது செக்கானூரணி பஸ் ஸ்டாப்பில் குட்டியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிற்கிறேன், அது இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்குமா, எழுந்து போயிருக்குமா என்றுதான் நினைப்பு ஓடுகிறது. போயிருக்கும். மற்றக் குட்டிகள் இருக்கின்றனவே, போகாமல் என்ன செய்யும். ஒன்று குறைந்தது நாய்க்குத் தெரியுமா? தெரியாமலா பின்னால் வந்தது. சரி, விடு. காசிமாயன் எங்கள் பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றுகிறவன், நான் எடை போடுகிறவன், அவன் ஒரு வாரமாக என்னைக் கரைத்துக்கொண்டிருந்தான். கண்ணு தொறந்துருச்சுண்ணே, தாயை அறியிறதுக்கு முன்னாடி தூக்கிட்டாத்தான் நம்ம வீட்டோட ஒட்டும், அறிஞ்சிருச்சுன்னா ஏங்கிப்போயிரும் என்றான். பெட்டைக் குட்டியை எவனும் எடுக்க மாட்டேன் என்கிறானாம். நான் எதையும் பார்த்து எடுக்கவில்லை, குனிந்து கையை விட்டேன், கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. என் கை பொல்லாத கை. வருஷக்கணக்காக எடை போட்டுப் போட்டு, எதைத் தூக்கினாலும் அது என்ன பொருள் என்பதற்கு முன்னால் எவ்வளவு கனம் என்பதைத்தான் சொல்லும். கத்திரிக்காய் வாங்கினாலும் சொல்லும், ஊர்த் திருவிழாவில் அக்கா மகனைத் தூக்கினாலும் சொல்லும். இந்தக் குட்டியைத் தூக்கியதும் சொன்னது. வாயை மூடு என்று கையிடம் சொல்ல முடியுமா? அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸம்மா வெள்ளைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தபோதும் இதையேதான் சொன்னது. அதே கனம். அதே கனத்தைத் தேடிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது சனியன் பிடித்த கை.

பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து ஏறியது, நிற்க இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் துண்டை அணைத்துக்கொண்டு நிற்கிறேன், நாயைப் பார்த்தால் கண்டக்டர் இறக்கிவிடுவார் என்ற பயத்தில் துண்டின் நுனியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடுகிறேன். முன் சீட்டில் இருந்த அம்மா ஒருத்தி இதைப் பார்த்துவிட்டாள். யப்பா, கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு நிக்கிறாரு, யாராச்சும் எந்திரிச்சு எடம் குடுங்கப்பா என்று பஸ்ஸே அதிரக் கத்துகிறாள். இல்லம்மா, வேணாம்மா என்கிறேன். என்ன வேணாம், பச்சைப்பிள்ளைக்கு மூச்சு முட்டாதா, உக்காருங்க என்று பக்கத்தில் இருந்த காலேஜ் பையனின் முதுகில் தட்டி எழுப்பிவிட்டாள். உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய. எழுந்து நின்று, அம்மா இது நாய்க்குட்டி, பிள்ளை இல்லை, பிள்ளை போய்விட்டது என்று சொல்வதா? அவள் தலையில் மல்லிகைப் பூ. மதுரையில் பிறந்துவிட்டு மல்லிகைப் பூ வாசனை வேண்டாம் என்றால் எந்த ஊரில் போய் இருப்பது. ஆணா பொண்ணா என்று கேட்கிறாள். பொண்ணு என்கிறேன். இந்தக் கேள்விக்கு இதே பதிலை நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சித்தப்பா ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார், நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், சிக்னலில் வண்டி நின்றது. பூ விற்கிறவள் குனிந்து உள்ளே பார்த்து, இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்தா, ஆணா பொண்ணா என்று சிரித்தாள். பொண்ணு என்றேன். மகாலட்சுமி, ஒரு மொழம் வாங்கிட்டுப் போய்யா என்றாள். சித்தப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் ஒரு சந்தோஷம் வந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது, என்னைப் பெண்ணைப் பெற்றவன் என்று ஊரில் ஒருத்தியாவது நினைத்துக்கொண்டாள் என்று ஒரு சந்தோஷம். சிக்னல் விழுந்ததும் அதுவும் போய்விட்டது. குட்டி துண்டுக்குள் நெளிகிறது. மூக்கை என் சட்டைப் பொத்தானில் முட்டி முட்டித் தேடுகிறது, அங்கே என்ன இருக்கிறது தேட. காளவாசல் வரும்வரைக்கும் சும்மா இரு தாயே என்று மனசுக்குள் கெஞ்சுகிறேன், அது கேட்குமா, கீச்சென்று ஒரு சத்தம். அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். துண்டு விலகி ஈரமான கறுப்பு மூக்கு வெளியே வந்துவிட்டது. அடப்பாவி மனுசா என்றாள், பஸ் முழுக்கச் சிரிப்பு, எழுந்த காலேஜ் பையன்தான் அதிகமாகச் சிரித்தான், கண்டக்டர்கூட, பொண்ணுக்கு டிக்கெட் எடுத்தீங்களாண்ணே என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து துண்டைச் சரிசெய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

காளவாசலில் இறங்கி நடக்கிறேன். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடக்கிறேன். ஜோதி, இங்க பாரு யாரு வந்திருக்காங்கன்னு என்று ஆரம்பிக்கலாம். சினிமாக்காரன் மாதிரி இருக்கும், வேண்டாம். காசிமாயன் தலையில் கட்டிவிட்டான் என்று சலித்துக்கொள்வது மாதிரி ஆரம்பிக்கலாம், அதுதான் என் வாய்க்கு வரும். நாகஜோதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டீங்களா என்பாள். மோட்டார் போடணும் என்பாள். துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்வாள். அழுதால்கூடத் தேவலை. ஊரே சொல்கிறது, அவளை அழ வெச்சிருங்கப்பா, உள்ளுக்குள்ளயே வெச்சிருந்தா ஆகாது என்று, ஏதோ அடைத்துக்கொண்ட குழாயைப் பற்றிச் சொல்வது மாதிரி. எனக்குத் தெரியும் அவள் ஏன் பேசவில்லை என்று. பேச ஆரம்பித்தால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும், எங்கே வைத்தீர்கள் என்று. அதைக் கேட்க அவளுக்குப் பயம். அவளாவது கேட்கத்தான் பயப்படுகிறாள், எனக்குப் பதில் சொல்லப் பயம், ஏனென்றால் எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது. பெற்றவள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது, அவள் வார்டில் தையலோடு படுத்திருந்தாள். சித்தப்பா முன்னால் போனார், நான் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். குழி வெட்டி வைத்திருந்தார்கள், எவ்வளவு சின்னக் குழி, மரக்கன்று நடுகிற குழி. நான்தான் உள்ளே வைத்தேன். மண்ணைத் தள்ளினேன். குழி வெட்டியவர் மண்வெட்டியால் நிரவிவிட்டார். ஒரு கல்லாவது வைக்கலாமா என்றேன். சின்ன உசுருக்குக் கல்லு கில்லெல்லாம் வைக்கக் கூடாதுடா, வா, திரும்பிப் பாக்காம வந்துரு, பாத்தா அது ஏங்கும் என்றார் சித்தப்பா. நான் பெரியவர்கள் சொன்னால் கேட்கிறவன், நல்ல பிள்ளை, பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து, கால் கழுவி, ஆட்டோவில் ஏறி, அதுவரைக்கும் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. என்ன சாமர்த்தியம். பக்கத்தில் என்ன மரம், என்ன சுவர், எதுவும் கண்ணில் நிற்கவில்லை, பிள்ளையையே பார்த்துக்கொண்டு போனேன், திரும்பும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒரு நாள் ஆபீஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போனேன். இடையில் மழை பெய்திருந்தது. எங்கே பார்த்தாலும் ஒரே மண், ஒரே புல். குழி வெட்டியவர் அங்கே இல்லை, இருந்த ஆளுக்கு எதுவும் தெரியவில்லை. இதுவா, அதுவா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். கிலோ கிலோவாக மூட்டைகளை எந்த ஊருக்குப் போகிறது, யார் பேருக்குப் போகிறது என்று துல்லியமாக எழுதி ஒட்டுகிறவன், என் பிள்ளையை எந்த இடத்தில் இறக்கினேன் என்று தெரியாமல் நின்றேன். அதனால்தான் இந்தக் குட்டி. வீட்டில் ஒரு குட்டி ஓடினால் பேச்சு வரும், பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டது, துணியைக் கடித்துவிட்டது என்று பேச்சு வரும், அந்தப் பேச்சிலேயே அந்தக் கேள்வி அமுங்கிப்போகும். இதுதான் என் கணக்கு.

மாடிப்படி ஏறும்போதே மல்லிகை வாசனை. நாகஜோதியின் அக்கா வந்திருக்கிறார், பாண்டீஸ்வரி மதினி, அடுத்த தெருவில்தான் வீடு, காலையிலும் சாயங்காலமும் உதிரிப் பூ வாங்கிக்கொண்டு வருவார். பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள், டாக்டர் மாத்திரையும் கொடுத்திருக்கிறார், ஆனாலும் பூதான் கேட்கும் என்று மதினி அடித்துச் சொல்கிறார். பழைய பூவை அவிழ்த்தால் பழுப்பாக, வெந்த மாதிரி இருக்கும், அதை ஒரு காகிதத்தில் சுற்றி யார் கண்ணிலும் படாமல் எடுத்துக்கொண்டு போவார். கதவைத் தட்டினேன். மதினிதான் திறந்தார்.

"என்ன தம்பி அது, துண்டுக்குள்ள?"

"குட்டி மதினி. காசிமாயன் தலையில கட்டிவிட்டுட்டான்."

"நாய்க்குட்டியா? அய்யய்யோ, கண்ணே இன்னும் சரியாத் தொறக்கல. பச்ச ஒடம்புக்காரி இருக்கிற வீட்டுக்குள்ள இதைக் கொண்டாந்து நிக்கிறீங்களே, ஒங்களுக்கு என்ன புத்தி மட்டா?"

ஒரு துணைக்கு என்று நான் ஆரம்பிக்கும்போதே குட்டி அழ ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் போட்ட கீச்சு இல்லை இது. பசி முற்றி, குளிர் வாங்கி, தொடர்ந்து இழுத்து இழுத்து அழுதது, நடுவில் மூச்சுக்கு நிறுத்தி மறுபடியும். இப்படி அழும் என்று காசிமாயன் சொல்லவில்லையே. மதினி முகம் மாறிவிட்டது. சத்தத்த நிறுத்துங்க, மொதல்ல வெளிய கொண்டுபோங்க என்று என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். கீழ் வீட்டுல பிள்ளை அழுகுறது காதுல விழக் கூடாதுன்னு இந்த வேக்காட்டுல ஜன்னலைச் சாத்திச் சாத்தி வெச்சிருக்கேன், நீங்க சத்தத்தையே வீட்டுக்குள்ள தூக்கிட்டு வர்றீங்களே என்றார். எனக்கு அது விளங்குவதற்குள் நாகஜோதி உள்ளே இருந்து வந்துவிட்டாள். தூக்கத்திலிருந்து எழுந்தவள், முடி கலைந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஜாக்கெட் நனைந்துகொண்டிருந்தது. கட்டிய துணி, அதற்குள் வைத்த பூ, எல்லாவற்றையும் தாண்டி, இரண்டு பக்கமும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் பெரிதாகிக்கொண்டு வந்தது. வாசனை வந்தது, பூவும் பாலும் சேர்ந்த வாசனை. அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள், சேலையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டு வந்ததை நான் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடியும் திறந்துவிட்டேன். எடையைத் தவிர ஒரு மண்ணும் தெரியாத முட்டாள். இத இப்பவே கொண்டுபோய் விட்டுட்டு வந்துர்றேன் என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. மதினியும், போங்க, போங்க என்றார். நாகஜோதி வந்து என் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டாள்.

"இருட்டப் போகுது, இப்ப எங்க கொண்டுபோவீங்க. பசிக்கிது அதுக்கு. அக்கா, பால் இருக்கா?"

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியது இதுதான் முதல் தடவை. மதினி ஏதோ சொல்ல வாயெடுத்து, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் பார்சல் அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன், பழைய சேலையை மடித்து உள்ளே போட்டேன், ஓரத்தில் காற்றுக்கு ஓட்டை போட்டேன், மேலே திறந்திருக்கிற பெட்டிக்கு ஓட்டை எதற்கு என்று அப்புறம்தான் தோன்றியது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும். மதினி கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த பாலைக் குட்டிக்குக் குடிக்கத் தெரியவில்லை, மூக்கை விட்டுத் தும்மியது, மறுபடியும் அழுதது. நாகஜோதி எழுந்து போய் அலமாரியிலிருந்து பாலாடையை எடுத்துக்கொண்டு வந்தாள். மூக்கு வைத்த சின்னக் கிண்ணி, ஆஸ்பத்திரியில் வாங்கியது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த எங்கள் பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை, இவள் பாலைப் பீய்ச்சித் தருவாள், நான் மூடி எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன், நர்ஸம்மா பாலாடையில் துளித்துளியாக விடுவார். கடைசியில் இரண்டு நாள் இவளையே விடச் சொன்னார்கள். தலையை லேசாகத் தூக்கி, கடைவாயில் நுனியை வைத்து, விழுங்கினதும் அடுத்த துளி, அவசரப்படக் கூடாது. அப்படியேதான் இப்போதும் செய்தாள். பாலில் தண்ணீர் கலந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கடைவாயில். அது விழுங்கியது. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து அடுத்த துளி. மதினி சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார், புதுப் பூவைப் பொட்டலம் பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டு. நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். லைட் போட வேண்டும், எழுந்திருக்க மனசு வரவில்லை. குட்டியின் வயிறு உருண்டு வருகிறது. இது பிழைத்துவிடும் என்று நினைத்தேன், உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கமாக இருந்தது, ஒன்றை இழந்துவிட்டு ஒன்று பிழைப்பதில் மனசு எப்படிச் சந்தோஷப்படுகிறது பார்.

"இதோட அம்மா எங்க இருக்கு?" என்றாள்.

"காசிமாயன் வீட்டுலதான்."

"தூக்கிட்டு வரயில பாத்துச்சா?"

பொய் சொல்லிவிடலாம். கட்டிப் போட்டிருந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்தது, எதுவும் சொல்லலாம். "பின்னாலயே வந்துச்சு" என்றேன்.

அவள் பாலாடையைக் கீழே வைத்தாள். விரலால் குட்டியின் வாயைத் துடைத்தாள். "அதுக்கும் பால் கட்டிக்கிட்டு வலிக்கும்" என்றாள்.

"இன்னும் ரெண்டு குட்டி குடிக்கிதே ஜோதி."

"குடிக்கட்டும். இத எங்கன்னு தேடிக்கிட்டுத்தான இருக்கும். காலையில கொண்டுபோய் அதுகிட்டயே விட்டுருவோம். நல்லா வளந்தப்புறம் எடுத்துக்கலாம், எடுக்கணும்னா."

சரி என்றேன். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் என் கணக்கு தவிடுபொடியானது. நாளைக்குச் சாயங்காலம் மறுபடியும் இந்த வீடு, இந்தச் சாத்திய ஜன்னல், மோட்டார் போடணும், சாப்பிட்டீங்களா. நான் லீவு சொல்லிட்டுக் காலையிலேயே போயிட்டு வந்துர்றேன் என்றேன். நானும் வர்றேன் என்றாள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், தையல் இன்னும் ஆறவில்லை, மதினி என்னைக் கொன்றுபோடுவார். அதையெல்லாம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"வர்ற வழியில அங்கயும் போயிட்டு வந்துருவோம்" என்றாள். "எங்க வெச்சீங்க?"

வந்துவிட்டது. குட்டியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள், குரல் உயரவில்லை. ஒரு மரத்தைச் சொல்லலாம், ஒரு சுவரைச் சொல்லலாம், நாளைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ ஒரு இடத்தைக் கை காட்டினால் நம்பிவிடுவாள், அங்கே உட்கார்ந்து அழுவாள், அழுதால் சரியாகிவிடும் என்கிறார்கள். யாருடைய பிள்ளையோ படுத்திருக்கிற மண்ணில் என் பெண்டாட்டி அழுவாள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். முடியாது.

"தெரியல ஜோதி" என்றேன். "திரும்பிப் பாக்காம வாடான்னாரு சித்தப்பா. பாக்காம வந்துட்டேன். கல்லும் வைக்க விடல. அப்புறம் ஒரு நா போய்த் தேடுனேன், மழ பேஞ்சு எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. எது நம்மதுன்னு தெரியல."

அவள் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கீழ் வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் சாத்திய ஜன்னல் வழியாக லேசாகக் கேட்டது, யாரோ தூக்கியிருக்க வேண்டும், நின்றுவிட்டது. அவள் வைவாள், அடிப்பாள், அக்கா வீட்டுக்குக் கிளம்பிப்போவாள், எதுவானாலும் எனக்கு வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்க பாட்டுக்குத் தனியாவா போய்த் தேடுனீங்க?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அந்த எடம் எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

"நம்ம தெரு அளவு இருக்கும். பிள்ளைகளுக்குன்னு தனியா ஒரு பக்கம்."

தூங்கிவிட்ட குட்டியை அவள் சேலை மடிப்பில் சரியாக வைத்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். அழுகையோடுதான் சொன்னாள், வார்த்தை வார்த்தையாக நின்று நின்று.

"தெரு அளவுதான? மொத்தத்தையும் நடந்து பாத்துட்டு வருவோம். எங்கயாச்சும் ஒரு எடத்துல இருப்பால்ல?"

நானும் அழுதுகொண்டிருந்தேன். "இருப்பா" என்றேன்.